எழுத்து மங்கினால் கிராபிக்ஸ் கார்ட் வாங்க வேண்டுமா?



கணனி பற்றி எமக்கு வரும் கேள்விகளில் பாதி, பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றியதாகவே இருக்கும். எந்தக் கார்ட் வேகம், எதில் எந்த விளையாட்டு ஓடும் என்று பிள்ளைகள் எம்மை விட நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே அதை அவர்களிடமே விட்டுவிட்டு, இம்முறை வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். விளையாடாதவர்கள், அதாவது படிப்பவர்கள், விண்ணப்பம் நிரப்புபவர்கள், கணக்கு எழுதுபவர்கள், ஊர்ச் செய்தி வாசிப்பவர்கள், திரையில் எழுத்துத் தெளிவாகத் தெரிவதற்காகத் தனிக் கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்க வேண்டுமா?

இதை எழுதத் தூண்டியது ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு குடும்பம். அவர்கள் வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. தகப்பனுக்கு இரவு வேலை. தாய் பகலில் கணக்கியல் வகுப்பொன்றைக் கணனியிலேயே படிக்கிறார். தெரிந்தவர் ஒருவரிடம் பாவித்த கணனி ஒன்றும் 24 அங்குலத் திரை ஒன்றும் வாங்கினார்கள். ஒரு மாதத்துக்குள் தாய்க்குத் தலையிடி தொடங்கிவிட்டது. கண்ணைச் சோதித்துப் புதுக் கண்ணாடியும் போட்டாயிற்று. தலையிடி நிற்கவில்லை. எழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட கடிதம் மாதிரி ஊறித் தெரிகிறது என்றார். கணனி திருத்தும் கடை ஒன்றில் கேட்டபோது, "உங்கள் கணனியில் தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை, அதுதான் பிரச்சினை" என்று சொல்லி ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார்கள். கார்டும் பூட்டுக்கூலியும் சேர்த்துத் தகப்பனின் மூன்று இரவுச் சம்பளம் போயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் எழுத்து முன்பு போலவே ஊறிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எம்மில் இருவர் போய்ப் பார்த்தோம். திரைக்குப் பின்னால் நீலத் தலையுள்ள பழைய விஜிஏ கேபிள். புதுக் கார்டிலும் அதே நீலத் துளை இருந்தபடியால் கடைக்காரர் அதையே மாட்டிவிட்டிருக்கிறார். திரையின் சொந்த அளவு 1920க்கு 1080. விண்டோஸிலோ 1280க்கு 720 என்று இருந்தது. ஏன் என்று கேட்டோம். "எழுத்துச் சின்னனாக இருக்குது என்று மகன்தான் பெரிசாக்கி விட்டவன், அண்ணை" என்றார் தாய். எமது பையில் இருந்த எச்டிஎம்ஐ கேபிளை மாட்டி, அளவைச் சரிப்படுத்தினோம். பிறகு ஒரு பரீட்சைக்காகப் புதுக் கார்டைக் கழற்றிவிட்டு, கணனியில் ஏற்கெனவே இருந்த துளையிலேயே அந்தக் கேபிளை மாட்டிப் பார்த்தோம். கார்டுடன் தெரிந்ததற்கும் கார்ட் இல்லாமல் தெரிந்ததற்கும் எழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. கார்டைத் திருப்பிக் கொடுப்பதற்கான 14 நாளோ எப்போதோ கடந்துவிட்டது.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அது எப்படி என்று விளங்கினால்தான் இன்று எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் விடுவது என்பதும் விளங்கும்.

திரையில் தெரிவதெல்லாம் புள்ளிகள். 1920க்கு 1080 என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080, மொத்தம் ஏறக்குறைய 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதைக் கணனி எண்களாக வைத்திருக்கிறது. அந்த எண்களைச் செக்கனுக்கு வழமையாக 60 தடவை திரைக்கு அனுப்புவதுதான் கிராபிக்ஸ் பகுதியின் அடிப்படை வேலை. 1987இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த விஜிஏ முறையில் இந்த எண்கள் எண்களாகவே போவதில்லை. கார்ட் அவற்றைக் கூடிக் குறையும் மின் அழுத்தமாக மாற்றி அனுப்பும். அக்காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரைக்கு அதுதான் தேவையாயிருந்தது. இந்த மாற்றத்தைச் செய்யும் பகுதி தரமானதாக இருந்தால் எழுத்தின் ஓரம் வெட்டினாற்போல இருக்கும். மலிவானதாக இருந்தால் ஓரம் கரைந்து, கறுப்பு எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் ஒன்றும் விழும்.

ஆகவே 1990களில் பத்திரிகைப் பக்கம் அமைத்தவர்கள் கார்டைத் தேடித் தேடி வாங்கினார்கள். அவர்கள் முதலில் சொன்ன பெயர்களில் ஒன்று மற்றொக்ஸ். 1976இல் தொடங்கிய நிறுவனம்; எம்மவர்கள் பலர் குடியேறிய மொன்றியலுக்குப் பக்கத்திலே டோர்வலில் இருக்கிறது. 1995இல் வந்த அவர்களது மில்லேனியம் கார்டும், 1999இல் வந்த ஜி400 கார்டும் விளையாட்டை விட எழுத்தின் தெளிவுக்கே பேர் பெற்றவை. குழாய்த் திரையில் இன்னொரு தொல்லையும் இருந்தது. செக்கனுக்கு 60 தடவை என்று வைத்தால் படம் துடிக்கும், கண் நோகும். 85 தடவை என்று ஓட்டக்கூடிய கார்டும் திரையும் இருந்தால் துடிப்புத் தெரியாது. அந்த நாளில் "கண்ணுக்கு நல்ல கார்ட்" என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருந்தது.

தட்டைத் திரை வந்ததும் கதை மாறியது. தட்டைத் திரைக்கு மின் அழுத்தம் வேண்டியதில்லை. அதற்கும் எண்களே வேண்டும். 1999இல் டிவிஐ, பின்னர் எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் என்று வந்த கேபிள்கள் எல்லாம் எண்ணை எண்ணாகவே கொண்டுபோகின்றன. சாமான் பட்டியலைத் தொலைபேசியில் வாசித்துச் சொல்வதற்கும், எழுதிய துண்டைக் கையில் கொடுத்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. துண்டைக் கொண்டுபோனது யாராயிருந்தாலும் துண்டில் இருப்பது மாறாது. அதே போல, ஒரே திரைக்கு, ஒரே அளவில், ஒரே அமைப்பில் எச்டிஎம்ஐயால் அனுப்பும்போது, கணனியுடன் கூட வரும் சாதாரணக் கிராபிக்ஸ் பகுதி அனுப்பினாலும் ஆயிரம் டொலர்க் கார்ட் அனுப்பினாலும் எழுத்து ஒரே எழுத்துத்தான். இந்தக் கேபிளில் குறை இருந்தால் படம் இடையிடையே கறுத்துப் போகும், மின்மினி போலப் புள்ளிகள் பறக்கும். எழுத்து மெதுவாக மங்குவது அதன் குணமல்ல.

2010 டிசம்பரில் இன்ரெல், ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் சேர்ந்து, 2015க்குள் விஜிஏயைக் கைவிடப் போவதாக அறிவித்தன. ஆனாலும் பாவித்த கணனியும் பாவித்த திரையும் வாங்கும் எமது வீடுகளில் அந்த நீலக் கேபிள் இன்னும் உயிரோடு இருக்கிறது. கணனி எண்ணை அழுத்தமாக மாற்ற, திரை அந்த அழுத்தத்தைத் திரும்ப அளந்து எண்ணாக ஊகிக்க, இரண்டு மொழிபெயர்ப்பில் எழுத்துக் கலங்குகிறது. முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ துளை இருந்தால் சாதாரணக் கேபிள் போதும். பொன்முலாம் பூசியது, விசேடமானது என்று விலை கூட்டிச் சொன்னால் எழுத்துத் தெளிவுக்காக அதை வாங்க வேண்டாம்.

அடுத்தது, மகன் செய்த வேலை. இதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ எழுத்துப் போதவில்லை என்று, பிள்ளைகள் அன்போடு திரையின் அளவைக் குறைத்துவிடுகிறார்கள். எழுத்துப் பெரிதாகும், உண்மை. ஆனால் தட்டைத் திரையின் புள்ளிகள் கல் பதித்த மாதிரி நிலையானவை. 1280 புள்ளிகளை 1920 இடத்தில் பரப்பச் சொன்னால் இரண்டு புள்ளியின் வேலையை மூன்று புள்ளிகள் பங்கிட்டுச் செய்ய வேண்டும். நடுவில் வருவது கறுப்புமல்ல, வெள்ளையுமல்ல. சரியான வழி வேறு. விண்டோஸில் வெறுந்திரையில் எலியின் வலது பொத்தானை அழுத்தி, டிஸ்பிளே செற்றிங்ஸ் என்பதற்குப் போங்கள். ரெசொலூஷன் என்ற இடத்தில் எதற்குப் பக்கத்தில் ரெக்கமென்டட் என்று போட்டிருக்கிறதோ அதை வையுங்கள். பிறகு அதே பக்கத்தில் ஸ்கேல் என்றிருப்பதை 125 அல்லது 150 வீதமாக்குங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை குறையாது, எழுத்து மட்டும் பெரிதாகும். மங்கல் அப்படியும் மிஞ்சினால், தேடும் இடத்தில் கிளியர்ரைப் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சிறு சோதனை வரும். கண் மருத்துவர் கண்ணாடி மாற்றி மாற்றி "இதுவா, அதுவா" என்று கேட்பது போல அதுவும் கேட்கும். ஐந்து நிமிட வேலை.

எமது மொழிக்கு இதெல்லாம் ஆங்கிலத்தை விடக் கூட முக்கியம் என்பது எமது அபிப்பிராயம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மங்கினாலும் சொல்லைப் பார்த்து ஊகித்துவிடலாம். தமிழில் புள்ளி ஒன்று கரைந்தால் பல் பலவாகிவிடும், கல் கலவாகிவிடும். னகரத்துக்கு இரண்டு சுழி, ணகரத்துக்கு மூன்று சுழி. சிறிய எழுத்தில் அந்த மூன்றாவது சுழிக்குக் கிடைப்பது ஓரிரு புள்ளிதான். அது ஊறிவிட்டால் மனமும் மணமும் ஒன்று. பெரியவர்கள் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாசித்துவிடுவோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? எழுத்து விளங்கவில்லை என்று அதற்குச் சொல்லத் தெரியாது. தமிழ் கஷ்டம் என்றுதான் சொல்லும்.

தொலைக்காட்சியைத் திரையாகப் பாவிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வந்த வீடுகளில் இது சகஜம்; தனித்திரை வாங்கக் காசில்லாத இடத்தில் குறையுமில்லை. ஆனால் தொலைக்காட்சி தூரத்தில் இருந்து படம் பார்ப்பதற்குச் செய்யப்பட்டது. 1366க்கு 768 புள்ளி கொண்ட 32 அங்குலத் தொலைக்காட்சியில் ஓர் அங்குலத்துக்கு 49 புள்ளிதான். 24 அங்குலத் திரையில் 1920க்கு 1080 என்றால் அங்குலத்துக்கு 92. கிட்ட இருந்து வாசிக்க முதலாவது உதவாது. எந்தக் கார்ட் போட்டாலும் உதவாது. நல்ல புள்ளியுள்ள தொலைக்காட்சியானாலும் சில அமைப்புகளை மாற்ற வேண்டும். படத்தின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கும் பழக்கம் அதற்கு உண்டு. அதை நிறுத்த ஜஸ்ற் ஸ்கான், ஸ்கிறீன் பிற் என்பது போன்ற பெயர்களில் ஒரு தெரிவு இருக்கும். ஷார்ப்னஸ் என்பதைக் கூட்டினால் தெளிவு வரும் என்று நினைத்துக் கூட்டாதீர்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் வரும், குறையுங்கள். சில தொலைக்காட்சிகளில் கேபிள் மாட்டிய துளைக்குப் பெயர் வைக்கும் இடத்தில் பிசி என்று மாற்றினால், சிவப்பு நீல எழுத்துகளின் ஓரம் கரைவது நின்றுவிடும். தொலைக்காட்சி படத்தின் நிறத்தைச் சிக்கனமாக, நாலு புள்ளிக்கு ஒரு நிறம் என்ற கணக்கில் வைத்துக்கொள்வதுண்டு. அந்தப் பெயர் மாற்றம் அதை விலக்குகிறது.

கறுப்பு சாம்பலாக, எல்லாம் வெளிறிப்போய்த் தெரிகிறது என்றால் அதுவும் கார்டின் தரமல்ல. கணனி 0 முதல் 255 வரை நிறத்தை எண்ணும்; தொலைக்காட்சி முறையில் 16 முதல் 235 வரைதான். ஒன்று ஒரு கணக்கிலும் மற்றது மறு கணக்கிலும் பேசினால் வெளிறும், அல்லது இருளில் உள்ள மயிரும் சேலையும் ஒரே கறுப்பாகிவிடும். கிராபிக்ஸ் பகுதியின் செற்றிங்ஸில் புல் என்றும் லிமிட்டெட் என்றும் இரண்டு சொல் இருக்கும். கணனித் திரைக்குப் புல் என்பதே பெரும்பாலும் சரி. கலியாண அல்பத்தைத் திரையில் பார்த்து "படம் பிடித்தவர் கெடுத்துவிட்டார்" என்று திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அப்படியானால் கார்ட் யாருக்குத்தான் வேண்டும்? சிலருக்கு வேண்டும். கணனியின் பிரதான சிப்பிலேயே கிராபிக்ஸ் பகுதி இல்லாமல் சில வகைகள் வருகின்றன. இன்ரெல் சிப்பின் பெயர் எஃப் என்ற எழுத்தோடு முடிந்தால் அதில் இல்லை. ஏஎம்டியின் மேசைக் கணனி றைசன் சிப்புகளில் 5000 வரிசை வரைக்கும் ஜி என்ற எழுத்து இல்லாதவற்றில் இல்லை. அவற்றுக்குக் கார்ட் இல்லாமல் திரையே வராது. பாவித்த கணனி வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது 4கே திரை வாங்கியவர்கள். 3840க்கு 2160 என்பது முன்சொன்னதைப் போல நாலு மடங்கு புள்ளி. பழைய கணனிகளின் எச்டிஎம்ஐ 1.4 துளை இதைச் செக்கனுக்கு 30 தடவைதான் அனுப்பும். எழுத்துத் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் எலியின் அம்புக்குறி இழுபட்டு இழுபட்டு ஓடும். அரை மணித்தியாலத்தில் அலுத்துவிடும். 60 தடவைக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 வேண்டும். கணனியில் டிஸ்பிளேபோர்ட் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கேபிளோடு காரியம் முடியலாம். இல்லாவிட்டால்தான் கார்ட்.

மூன்று நாலு திரை வைத்து வேலை செய்யும் கணக்காளர்களுக்கும் கார்ட் வேண்டிவரலாம். விளையாட்டுக் கார்டை வாங்காமல், அலுவலகங்களில் இருந்து கழித்து விற்கப்படும் குவாட்ரோ பி620 போன்றதைத் தேடுங்கள். சிறு டிஸ்பிளேபோர்ட் துளை நான்கு இருக்கும், மாற்றுத் தலைகளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். மின்சாரத்தைத் தாய்ப்பலகையின் துளையிலேயே எடுத்துக்கொள்ளும் இப்படியான சிறு கார்டுகளுக்கு, அதாவது 75 வாற்றுக்கு உட்பட்டவைக்கு, புது மின்வழங்கி தேவையில்லை. விசிறி இல்லாதது கிடைத்தால் இன்னும் நல்லது. குழந்தை நித்திரை கொள்ளும் அதே அறையில்தான் எம்மில் பலருக்குக் கணனியும் இருக்கிறது. கடைகளில் மலிவாகக் கிடக்கும் ஜிரி 710 வேண்டாம். அதற்கான புதிய டிரைவர்களை என்விடியா 2021இல் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024உடன் முடிந்தன. மேலே சொன்ன குடும்பத்துக்குப் பூட்டிக் கொடுத்ததும் அதே கார்ட்தான். கலியாண வீடியோ வெட்டி ஒட்டுபவர்களுக்குக் கார்டின் வேகம் பயன்படும். அது வேறு கதை, வேறொரு இதழில் பார்ப்போம்.

இன்னுமொன்று. 2025 ஒக்ரோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணனியை, "உள்ளே தனிக் கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறது" என்று சொல்லி நூறு டொலர் கூட்டி விற்பவர்களைக் கண்டிருக்கிறோம். வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் என்றால் அந்த நூறு டொலருக்கு அதில் பெறுமதி இல்லை.

அந்தக் காசு திரைக்குப் போகட்டும். ஐபிஎஸ் என்று போட்ட தட்டு எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ரிஎன் தட்டைக் கீழிருந்து பார்த்தால் முகமெல்லாம் கறுத்துப்போகும். 27 அங்குலத்தில் 1920க்கு 1080 என்பது பார்க்கப் பெரிதாக இருந்தாலும் அங்குலத்துக்கு 82 புள்ளிதான். எழுத்துக்கு 24 அங்குலமே மேல். 27தான் வேண்டும் என்றால் 2560க்கு 1440 பாருங்கள், அங்குலத்துக்கு 109. உயரம் கூட்டிக் குறைக்கும் தண்டு இருந்தால் கழுத்துக்கு ஆறுதல். கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் தமிழ்ப் பக்கம் ஒன்றை 10, 12 அளவு எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். "அண்ணன் பல கல் எறிந்தான்" என்பது போல ஏதாவது. வர்ணப் படம் காட்டி மயக்கும் திரையில் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ணகரத்தின் மூன்று சுழியும் தனித்தனியே தெரிந்தால் வாங்கலாம். கூச்சப்பட வேண்டாம்; நாமும் அப்படித்தான் வாங்கினோம். கடைக்காரப் பையன் சிரித்தான், அவ்வளவுதான்.

அந்தத் தாயின் தலையிடி ஒரு கிழமையில் குறைந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். கார்டைக் கழற்றியபடியே பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார்களாம். விளம்பரத்தில் போட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஏற்கெனவே கார்ட் வாங்கிவிட்ட வேறு யாராவது இதை வாசித்தால், முதலில் பற்றுச்சீட்டில் திருப்பிக் கொடுக்கும் நாளைப் பாருங்கள். வாங்க யோசிப்பவர்கள் சற்றுப் பொறுங்கள். எம்மிடம் எச்டிஎம்ஐ கேபிள் மூன்றும் டிஸ்பிளேபோர்ட் கேபிள் ஒன்றும் இரவல் கொடுக்க இருக்கின்றன. ஒரு கிழமை கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள்.